கடைசி நாளும் புறவினத்தாரும்

டைக்ரிஸ் ஆற்றுக்குக் கிழக்கே, இன்றைய ஈராக்கின் எர்பில் நகரைத் தலைநகராகக் கொண்டு அதியபேனே என்றொரு சிற்றரசு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் அதை ஆண்ட இசாத்தேஸ், யூதர்களின் கடவுளை வணங்கத் தொடங்கினார். அனனியா என்ற யூத வணிகர் அவருக்கு வழிகாட்டி. முழு யூதனாகிவிட வேண்டும், விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்று அரசர் ஆசைப்பட்டபோது தடுத்தவரும் அதே அனனியாதான். குடிமக்கள் கொந்தளிப்பார்கள், பழி தன் தலையில் விழும் என்ற பயம் அவருக்கு. விருத்தசேதனம் இல்லாமலேயே கடவுளை வணங்கலாம், பக்திதான் பெரிது, நிர்ப்பந்தத்தால் விட்டதைக் கடவுள் மன்னிப்பார் என்று சமாதானம் சொன்னார். பிறகு கலிலேயாவிலிருந்து எலெயாசர் என்ற கண்டிப்பான மனிதர் வந்தார். அரசர் மோசேயின் சட்டநூலை வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வாசித்தால் மட்டும் போதுமா, அதில் சொன்னபடி நடக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார். இசாத்தேஸ் வேறோர் அறைக்குப் போய் மருத்துவரை வரவழைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்.

கதையை எழுதிவைத்தவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ். கி.பி. 93-94 வாக்கில் அவர் முடித்த ‘யூதர்களின் பழமைகள்’ நூலின் இருபதாம் புத்தகத்தில் இது இருக்கிறது. அவர் மனம் எலெயாசர் பக்கம் சாய்கிறது. ஆனாலும் அனனியாவை அவர் சமயத் துரோகியாகக் காட்டவில்லை. ஒரு புறவினத்தார், அதாவது யூதரல்லாதவர், யூதக் கடவுளிடம் வந்தால் அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு யூதர்களிடமே இரண்டு பதில்கள் இருந்தன; இரண்டும் மதிப்புள்ள பதில்கள்தாம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் கிரேக்கத்திலும் பவுல் என்ற இன்னொரு யூதர் மூன்றாவது பதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விருத்தசேதனம் கூடாது என்றார். அனனியாவைப் போல, ஆபத்து என்பதால் விட்டுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. செய்துகொண்டால் எல்லாமே கெட்டுப்போகும் என்றார். அதோடு அனனியா கேட்காத ஒன்றையும் கேட்டார்: உங்கள் குலதெய்வம், ஊர்த்தெய்வம், பேரரசின் தெய்வம் எதையும் இனி வணங்கக் கூடாது.

இந்த மூன்றாவது பதிலை நாம் வழக்கமாக எப்படி விளங்கிக்கொள்கிறோம்? யூத சமயம் குறுகிய இனச் சமயம். பவுல் அந்த வேலியை உடைத்து உலகச் சமயம் ஒன்றைப் படைத்தார் என்று. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் கேட்கும் இந்தச் சித்திரத்துக்குக் கல்வித்துறை அங்கீகாரம் தந்தவர்களில் முதன்மையானவர் ட்யூபிங்கன் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் கிறிஸ்டியான் பவுர். 1831இல் எழுதிய கட்டுரை தொட்டு, பேதுருவின் யூதக் கிறிஸ்தவம் ஒருபக்கம், பவுலின் சுதந்திரக் கிறிஸ்தவம் மறுபக்கம் என்று அவர் ஆரம்பகாலச் சபையை இரண்டாகப் பிளந்து காட்டினார். 1977இல் இ. பி. சாண்டர்ஸ் யூத மூலநூல்களை வரிசையாக வாசித்து, சட்டத்தின் சுமையில் நசுங்கிக் கிடந்த யூதன் என்ற பிம்பம் கற்பனை என்று காட்டிய பிறகு பழைய சித்திரம் ஆட்டம் கண்டது. ஆனால் அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சியது. யூத சமயத்தில் குறை ஏதும் இல்லை என்றால், பவுல் ஏன் புறவினத்தாரை அதற்குள் சேரவிடாமல் அவ்வளவு ஆக்ரோஷமாகத் தடுத்தார்?

என் கருத்தில் இதற்கு விடை, உலகம் முடியப்போகிறது என்ற யூத நம்பிக்கைக்குள்ளேயே இருக்கிறது. பவுல் யூத சமயத்தை விட்டு வெளியேறி இந்த முடிவுக்கு வரவில்லை. அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தார்.

அதற்கு முன், அன்றைய ஜெபஆலயங்களைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிடுவோம். சின்ன ஆசியாவின் பிரிகியா பகுதியில் அக்மோனியா என்ற ஊர். நீரோ காலத்தில் அங்கே ஜூலியா செவெரா என்ற பெரிய வீட்டுப் பெண்மணி, பேரரச வழிபாட்டின் பூசாரியாக இருந்தவர், யூதர்களுக்கு ஒரு ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தார். கல்வெட்டு இருக்கிறது. சீசரின் கோவிலில் பூசை, யூதர்களுக்குக் கட்டடக் கொடை. இரண்டும் ஒரே கையால். அவருக்கோ யூதர்களுக்கோ இதில் முரண்பாடு தெரிந்ததாகத் தடயம் இல்லை. அப்ரோதிசியாஸ் நகரில் 1976இல் கிடைத்த ஒரு கற்பலகை பிற்காலத்தது. யூதர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே, தனித் தலைப்பிட்டு, ‘இறையச்சமுள்ளோர்’ என்று ஐம்பதுக்கு மேற்பட்ட புறவினத்தாரின் பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. அவர்களில் நகரமன்ற உறுப்பினர்களும் உண்டு. நகரமன்ற உறுப்பினர் என்றால் ஊர்த் தெய்வங்களின் திருவிழாவில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்.

நம் ஊரில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அன்றைய உலகில் தெய்வம் என்பது நம்பிக்கையாகத் தேர்ந்தெடுக்கும் பொருள் அல்ல. பிறந்த குலத்தோடும் ஊரோடும் சேர்ந்தே வருவது. அடுத்தவர் தெய்வத்துக்கும் மரியாதை செய்யலாம், தன் தெய்வத்தை விடக்கூடாது. விட்டால் ஊருக்குக் கேடு வரும். ஆகவே புறவினத்தாருக்கு இரண்டு இடங்கள்தாம் இருந்தன. தன் தெய்வங்களோடு யூதக் கடவுளையும் சேர்த்துக் கும்பிடும் இறையச்சமுள்ளவராக இருக்கலாம். அல்லது இசாத்தேஸைப் போல இனம் மாறி யூதராகவே ஆகிவிடலாம். பவுல் தன் மக்களை நிறுத்திய இடம் இரண்டுமல்ல. தெய்வங்களை விட வேண்டும், யூதராகவும் ஆகக் கூடாது. வரலாற்றாசிரியர் பாவ்லா ஃப்ரெட்ரிக்ஸன் சுட்டிக்காட்டுவது போல, அன்றைய சமுதாயத்தில் இப்படி ஓர் ஆள் இருக்கவே இடமில்லை. நடைமுறையில் இல்லாத இந்த மனிதர்கள் இருந்தது ஓரிடத்தில்தான்: கடைசி நாட்களைப் பற்றிய யூதத் தீர்க்கதரிசனங்களில்.

யூதர்களின் இறுதிக்கால நம்பிக்கை என்று ஒருமையில் பேசுவது சௌகரியம், ஆனால் சரியல்ல. அது ஒரு கோட்பாடு அல்ல, கனவுகளின் கூட்டம். கும்ரான் குகைகளில் கிடைத்த போர்ச்சுருளில், ஒளியின் மக்கள் எதிரிப் படைகளை நாற்பது ஆண்டுப் போரில் அழிக்கிறார்கள். புறவினத்தாருக்கு அங்கே மிஞ்சுவது தோல்விதான். கி.மு. முதல் நூற்றாண்டின் சாலமோன் திருப்பாடல்கள் என்ற தொகுப்பில் தாவீதின் வழிவந்த அரசன் எருசலேமைப் புறவினத்தாரிடமிருந்து துப்புரவாக்குகிறான். அதன்பின் நாடுகள் அவன் மகிமையைக் காண உலகின் எல்லைகளிலிருந்து வருகின்றன. ஏனோக்கு நூலில் வரும் மிருகக் காட்சி இன்னும் விசித்திரம்: வரலாறு முழுதும் ஆடுகள், காட்டு மிருகங்கள், பறவைகள் என்று போய், கடைசியில் அத்தனையும் வெண்காளைகளாக மாறிவிடுகின்றன.

இவற்றுக்கு நடுவே ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. ஏசாயாவிலும் மீகாவிலும் நாடுகள் எல்லாம் சீயோன் மலைக்குத் திரண்டு வந்து கடவுளின் வழியைக் கற்கின்றன. சகரியாவில் பல மொழி பேசும் பத்துப்பேர் ஒரே யூதனின் ஆடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உன்னோடு நாங்களும் வருகிறோம் என்று கெஞ்சுகிறார்கள். அதே நூலின் கடைசி அதிகாரத்தில் எஞ்சிய நாடுகள் ஆண்டுதோறும் கூடாரத் திருவிழாவுக்கு எருசலேம் ஏறிப்போகின்றன. வராத நாட்டுக்கு மழை கிடையாது. தோபித்து நூலின் முடிவில், எல்லா நாட்டாரும் தங்கள் சிலைகளைக் கைவிட்டு உண்மைக் கடவுளிடம் திரும்புகிறார்கள்.

இந்தக் காட்சிகளைக் கூர்ந்து பார்த்தால், வந்தவர்கள் வந்தவர்களாகவே இருக்கிறார்கள். எகிப்தியன் எகிப்தியனாகவே வருகிறான். சிலையை விடுகிறான், கடவுளை வணங்குகிறான். விருத்தசேதனம் செய்துகொண்டான் என்று எந்தத் தீர்க்கதரிசியும் எழுதவில்லை. இதை 1991இல் ஒரு கட்டுரையில் ஃப்ரெட்ரிக்ஸன் அழுத்தமாக முன்வைத்தார். எழுதவில்லை என்பதால் வேண்டாம் என்று பொருளா, சொல்லாமலே விளங்கும் என்று விட்டார்களா என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆனால் காட்சியின் தர்க்கம் ஒரு பக்கம்தான் போகிறது. உலகத்தார் அத்தனை பேரும் யூதராகிவிட்டால், பிறகு நாடுகள் வந்து வணங்கின என்று சொல்ல நாடுகளே இருக்காது. எல்லாரும் இஸ்ரவேலர் என்றால் இஸ்ரவேலின் கடவுள் இஸ்ரவேலுக்கு மட்டுமே கடவுளாக நின்றுவிடுவார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் இதே வாதத்தைத்தான் கையாள்கிறார்.

அந்த நாள் வந்துவிட்டது என்று அவர் ஏன் நம்பினார்? பவுல் பரிசேயர் என்ற யூதப் பிரிவைச் சேர்ந்தவர். பரிசேயருக்கு உயிர்த்தெழுதல் தனிமனித அதிசயம் அல்ல. இறுதிக்காலத்தில் இறந்தோர் கூட்டமாக எழுவது. இயேசு எழுந்துவிட்டார் என்று நம்பியதும் அவருக்குத் தோன்றியது, ஒரு மகான் பிழைத்துக்கொண்டார் என்றல்ல, அறுவடை தொடங்கிவிட்டது என்று. கொரிந்தியருக்கு எழுதும்போது இயேசுவை அவர் அந்த அறுவடையின் முதற்பலன் என்கிறார். முதற்பலனுக்கும் மீதி விளைச்சலுக்கும் இடையே எத்தனை நாள் இருக்கும்? கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய முதல் கடிதம் இன்று நம் கையில் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளிலேயே பழமையானதாகப் பெரும்பாலோர் கருதுவது. அங்கிருந்தவர்களின் கவலை என்ன தெரியுமா? ஆண்டவர் வருவதற்குள் எங்களில் சிலர் செத்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன என்பது. ஒருசிலர் இறந்ததே ஒரு குழப்பமாக இருக்கிறது! பவுல் ஆறுதல் சொல்லும்போது, ஆண்டவர் வரும்வரை உயிரோடிருப்போர் கணக்கில் தன்னையும் சேர்த்தே பேசுகிறார். அதே கடிதத்தின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தான் கற்பித்ததன் சுருக்கமும் இருக்கிறது: சிலைகளை விடுவது, உயிருள்ள கடவுளுக்கு ஊழியம் செய்வது, வானத்திலிருந்து அவர் மகன் வரக் காத்திருப்பது. தோபித்துவின் கனவுக்கு ஒரு காத்திருப்பைச் சேர்த்தால் இதுதான் வரும்.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தியோக்கியாவில் யூத நம்பிக்கையாளரும் புறவின நம்பிக்கையாளரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து, இயேசுவின் சகோதரர் யாக்கோபின் தரப்பு ஆட்கள் வந்ததும் பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள். பவுலின் கூட்டாளி பர்னபாகூட. எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததாகக் கலாத்தியர் கடிதத்தில் பவுல் எழுதுகிறார். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. வாதத்தில் ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார் என்று ஆய்வாளர் பலரும் ஐயப்படுவது சும்மா இல்லை. இலையில் என்ன பரிமாறப்பட்டது என்பது சிக்கலா, பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது சிக்கலா என்று இன்றுவரை விவாதம் உண்டு. இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. சிலைக்குப் படைத்ததையோ பன்றி இறைச்சியையோ அந்தப் பந்தியில் வைத்திருந்தால் பேதுரு முதல்நாளே உட்கார்ந்திருக்க மாட்டார்.

கலாத்தியாவில் பவுலுக்குப் பின்னால் வந்து விருத்தசேதனம் வேண்டும் என்று போதித்தவர்களை நாம் வில்லன்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவர்களும் இயேசுவை மேசியா என்று நம்பியவர்கள். அவர்கள் கையில் வலுவான சான்று இருந்தது: ஆதியாகமம் 17ஆம் அதிகாரம். ஆபிரகாமே தொண்ணூற்றொன்பது வயதில் விருத்தசேதனம் செய்துகொண்டார். இது என்றென்றைக்குமான உடன்படிக்கை என்று கடவுளே சொல்கிறார். புதிதாக வந்தவர்கள் மேலும் அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஊர்த் தெய்வத்தை விட்ட ஒருவன் யூதனாகிவிட்டால் அவனுக்கு ஒரு சமுதாய முகவரி கிடைக்கும். யூதர்கள் பிற தெய்வங்களை வணங்குவதில்லை என்பது ஊரறிந்த, பொறுத்துக்கொள்ளப்பட்ட வழக்கம். பவுலின் ஆட்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. இதற்குப் பவுலின் பதில், விருத்தசேதனக் கத்தி அத்தோடு நிற்காமல் அந்தப் போதகர்களை முழுதாகவே நறுக்கிவிட்டால் தேவலை என்ற அளவுக்குப் போனது. திருச்சபைகளில் இந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்கும்போது குரல் கொஞ்சம் தாழும்.

மாத்யூ தீஸன் என்ற ஆய்வாளர் இன்னொரு கோணத்தைக் காட்டினார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் யூபிலி நூல், பிறந்த எட்டாம் நாளில் செய்யப்படாத விருத்தசேதனம் செல்லாது என்கிறது. அந்தக் கணக்கில், வளர்ந்த புறவினத்தான் எத்தனை கத்தி பட்டாலும் ஆபிரகாமின் பிள்ளையாக முடியாது. கும்ரானில் ஏறத்தாழ பதினைந்து பிரதிகள் கிடைத்த அளவுக்கு அந்த நூல் வாசிக்கப்பட்டது. தான் எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றதைப் பிலிப்பியர் கடிதத்தில் பவுல் பெருமையோடுதான் குறிப்பிடுகிறார். ஆக, வேலியை உடைத்தவர் என்று நாம் சொல்லும் மனிதர் சில வகையில் வேலியை எலெயாசரைவிடக் கெட்டியாக நம்பியவராக இருக்கலாம்.

இந்த விளக்கத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. டெரன்ஸ் டொனால்ட்ஸன் கேட்கிறார்: சீயோனுக்குத் திரண்டு வரும் நாடுகள்தான் பவுலின் மனத்தில் இருந்தன என்றால், ஏசாயா இரண்டாம் அதிகாரத்தையும் சகரியா எட்டாம் அதிகாரத்தையும் அவர் ஏன் ஓரிடத்திலும் மேற்கோள் காட்டவில்லை? அதைவிட முக்கியமாக, வரிசையே தலைகீழாக இருக்கிறதே? தீர்க்கதரிசனத்தில் முதலில் இஸ்ரவேல் மீட்கப்படும், அதைக் கண்டு நாடுகள் வரும். ரோமர் 11இல் பவுல் சொல்வதோ நேர்மாறு: புறவினத்தாரின் முழு எண்ணிக்கை முதலில் உள்ளே வரட்டும், பிறகு இஸ்ரவேல் அனைத்தும் மீட்படையும்.

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. ரோமர் 15இல் நாடுகள் இஸ்ரவேலோடு சேர்ந்து மகிழும் நான்கு வேதப் பகுதிகளை அவர் அடுக்குகிறார். அதே அதிகாரத்தில் தன்னை ஒரு குருவாகவும் புறவினத்தாரைத் தான் படைக்கும் காணிக்கையாகவும் வருணிக்கிறார். ஏசாயாவின் கடைசி அதிகாரத்தில் நாடுகளிலிருந்து எருசலேமுக்கு மனிதர்கள் காணிக்கையாகக் கொண்டுவரப்படும் காட்சியின் சாயல் அதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, மறுப்பு என்பதைவிட எனக்கு ஒரு சாட்சியமாகவே தெரிகிறது. பவுல் இருபது வருடமாக ஊர் ஊராகப் போய்விட்டார். எதிர்பார்த்தபடி இஸ்ரவேல் திரும்பவில்லை, எதிர்பாராத வேகத்தில் புறவினத்தார் வருகிறார்கள், முடிவோ வரவில்லை. கனவைக் கைவிட முடியாதவர் வரிசையை மாற்றிப்போட்டார். தாமதத்தின் முதல் வடு ரோமர் கடிதத்திலேயே விழுந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது: எருசலேம் சபையின் ஏழைகளுக்காகப் புறவினச் சபைகளிடம் திரட்டிய நன்கொடை. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வரவுக்குத் தக்கபடி ஒதுக்கி வையுங்கள், நான் வந்து வசூலுக்கு அலைய முடியாது என்று கொரிந்தியருக்கு நடைமுறைக் குறிப்பே கொடுத்திருக்கிறார். பணத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். மேற்கே ஸ்பெயின் போகத் திட்டமிட்டிருந்தவர், அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தாமே கிழக்கே புறப்பட்டார். கூடவே ஒரு பரிவாரம்: பெரோயா, தெசலோனிக்கே, தெர்பே, ஆசியா என்று ஊர்வாரியாக ஆட்களின் பெயரை அப்போஸ்தலர் பணிகள் நூல் தருகிறது. டேனிஷ் ஆய்வாளர் யோஹான்னஸ் முங்க் 1954இல் இதை வெறும் நிதிப் பாதுகாப்பாகப் பார்க்க மறுத்தார். நாடுகளின் பிரதிநிதிகள், நாடுகளின் செல்வத்தோடு, எருசலேமுக்குள் நுழைகிறார்கள்; தீர்க்கதரிசனத்தைப் பவுல் கண்முன் நடத்திக் காட்டப் பார்க்கிறார் என்றார். நிரூபிக்க முடியாத கருத்து. ஆனால் எருசலேமில் இந்தக் காணிக்கை ஏற்கப்படுமா என்று ரோமருக்கு எழுதும்போது பவுல் படும் பதற்றம், வெறும் நிவாரண நிதிக்கு அதிகம்தான்.

எருசலேமில் நடந்தது வேறு. பரிவாரத்தில் எபேசுவைச் சேர்ந்த துரோப்பீம் என்ற கிரேக்கர் இருந்தார். நகரத்தில் அவரைப் பவுலோடு பார்த்த சிலர், ஆலயத்துக்குள்ளும் அவரைக் கூட்டிப்போய்விட்டார் என்று நினைத்துக் கூச்சலிட்டார்கள். ஆலய வெளிமுற்றம் வரை யாரும் வரலாம். அதற்கு அப்பால் மூன்று முழ உயரத்தில் ஒரு கல்வேலி. அதில் இடைவெளி விட்டு விட்டுக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எச்சரிக்கைப் பலகைகள் இருந்ததாக ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். 1871இல் பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் க்ளெர்மோன்-கன்னோ எருசலேமில் அந்தப் பலகைகளில் ஒன்றை முழுதாகவே கண்டெடுத்தார். கிரேக்கத்தில் ஏழே வரி. அயலார் யாரும் இந்த வேலியைத் தாண்டக் கூடாது, பிடிபட்டால் விளையும் சாவுக்கு அவரே பொறுப்பு என்பதுதான் செய்தி. ஒட்டோமான் ஆட்சிக்காலம் என்பதால் அந்தக் கல் இஸ்தான்புல் போய்ச்சேர்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1930களில் கிடைத்த இன்னொரு துண்டில் எழுத்துக்குள் சிவப்புச் சாயத்தின் மிச்சம் காணப்படுகிறது. தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று பூசியிருப்பார்கள்.

துரோப்பீம் வேலியைத் தாண்டவில்லை, அப்படித் தாண்டியதாக எண்ணிக்கொண்டார்கள் என்கிறது அப்போஸ்தலர் பணிகள். தாண்டவைக்க வேண்டும் என்ற எண்ணம் பவுலுக்கு இருந்ததாக அவர் கடிதங்களிலும் ஒரு குறிப்பும் இல்லை. ரோமப் படைத்தலைவன் அவரைக் கும்பலிடமிருந்து இழுத்துக் காப்பாற்றிக் காவலில் வைத்தான். நன்கொடைக்கு என்ன ஆனது என்று அந்த நூல் வாய் திறக்கவில்லை.

பவுல் தன் ஆட்களுக்கு என்ன கூடாது என்று சொன்னாரே தவிர, நாளை காலை எழுந்து என்ன செய்வது என்று விரிவாகச் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை; காலம் குறுகிவிட்டது, மணமானவர் மணமாகாதவர் போல இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். அந்த வேலையை எடுத்துக்கொண்ட ஒரு சிறு நூலை 1873இல் ஃபிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் கான்ஸ்டான்டிநோபிளில், 1056இல் எழுதப்பட்ட ஒரு தோல்சுவடியில் கண்டெடுத்தார், 1883இல் பதிப்பித்தார். ‘திதாக்கே’ என்று அழைக்கப்படும் அந்த நூலின் நீண்ட தலைப்பு, பன்னிரு அப்போஸ்தலர் வழியாக ஆண்டவர் புறவினத்தாருக்கு அளித்த போதனை என்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பெரும்பாலோர் காலம் கணிக்கும் இதைக் கிறிஸ்தவத்தின் ஆகப்பழைய ஞானோபதேச நூல் எனலாம்.

பதினாறே சின்ன அதிகாரங்கள். வாழ்வின் வழி, சாவின் வழி என்று இரண்டு பாதைகளோடு தொடங்குகிறது. இது அப்படியே யூத ஒழுக்கப்பாடம், கும்ரான் சமூகத்தின் விதிநூலிலும் இதன் உறவுமுறை தெரிகிறது. கொலை, விபசாரத்தோடு சூனியம், கருக்கலைப்பு, சோதிடம், சகுனம் பார்ப்பது ஆகியவற்றையும் விலக்குகிறது. யூதக் குழந்தைக்கு வீட்டிலேயே பழகிவிடும் இவற்றைப் புறவினத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்துக்கு ஓடும் தண்ணீர் நல்லது. இல்லையேல் வேறு தண்ணீர். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர். எதுவுமே போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மும்முறை ஊற்று. ஊருக்கு வரும் அப்போஸ்தலர் மூன்றாவது நாளும் தங்கினால் போலி. புறப்படும்போது பணம் கேட்டாலும் போலி. எழுதியவர் ஏமாந்து அனுபவப்பட்டவர் போலும்.

ஆறாம் அதிகாரத்தில் நம் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஆண்டவரின் நுகத்தை முழுதாகச் சுமக்க முடிந்தால் நீ நிறைவானவன். முடியாவிட்டால் முடிந்ததைச் செய். உணவு விதியிலும் தாங்குகிற அளவுக்குத் தாங்கிக்கொள். ஆனால் சிலைக்குப் படைத்ததை மட்டும் தொடாதே. அந்த நுகம் யூதச் சட்டமா, இயேசுவின் கண்டிப்பான போதனையா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. அடுத்த வரியே சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதால் சட்டம்தான் என்று நான் வாசிக்கிறேன். அப்படியானால் இங்கே நிற்பவர் எலெயாசரும் அல்ல, பவுலும் அல்ல. அனனியாவின் தூரத்து உறவினர். முழுச் சட்டத்தையும் மேற்கொள்வது கலாத்தியரைக் கெடுக்கும் என்று பவுல் சொன்னார். திதாக்கேவுக்கு அது விரும்பத்தக்க உயரம், ஏற முடியாதவரைத் தள்ளிவிடாத உயரம்.

இந்த நூலும் முடிவை எதிர்பார்த்தே நிற்கிறது. அப்பத்தின்மேல் சொல்லும் நன்றி மன்றாட்டில், மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது ஒன்றானதுபோல சபையும் உலகின் எல்லைகளிலிருந்து கூட்டிச்சேர்க்கப்படட்டும் என்கிறது. சிதறிய இஸ்ரவேல் ஒன்றுசேரும் என்ற பழைய யூத வேண்டுதலைக் கிரேக்கம் பேசும் புறவினத்தார் தங்கள் வாயால் சொல்கிறார்கள். பின்னால் மாரநாதா என்று, மொழிபெயர்க்காமல் அரமேயத்திலேயே, ஆண்டவரை அழைக்கிறார்கள். கடைசி அதிகாரம் முழுக்கப் பொய்த் தீர்க்கதரிசிகளும் எக்காளமும் வானம் பிளப்பதும்தான். ஆனால் தொனி மாறிவிட்டது. தெசலோனிக்கேயர் செத்தவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். திதாக்கேயின் ஆட்கள் புதன், வெள்ளி நோன்புக்கு நாள் குறிக்கிறார்கள், ஆயர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திங்களிலும் வியாழனிலும் ‘வேடதாரிகள்’ நோன்பிருக்கிறார்கள், நீங்கள் அந்த நாட்களில் இருக்காதீர்கள் என்று ஒரு வரி. திங்களும் வியாழனும் பக்தியுள்ள யூதர்கள் நோன்பிருந்த நாட்கள். நோன்பு அதே நோன்பு, நாட்கள் மட்டும் விலகிக்கொள்கின்றன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். நாடுகள் ஏறிவர வேண்டிய மலையில் ஏறிவர ஒன்றும் மிஞ்சவில்லை. 132 முதல் 135 வரை நடந்த பர் கோக்பா கலகத்துக்குப் பின் யூதர்கள் எருசலேமுக்குள் நுழையவே தடை. நகரத்துக்கு ஏலியா கபித்தோலினா என்று ரோமப் பெயர். அதுவரை அந்நகரின் ஆயர்கள் பதினைந்து பேரும் யூதர்கள் என்றும், அதன்பின்தான் மாற்கு என்ற முதல் புறவின ஆயர் வந்தார் என்றும் நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். ஆண்டவர் வருவேன் என்றது என்னாயிற்று என்று கேலி பேசுவோருக்குப் பேதுருவின் பெயரிலுள்ள இரண்டாம் கடிதம் பதில் சொல்ல வேண்டி வந்தது: கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள். கொஞ்ச நாளைக்கென்று பவுல் போட்ட ஏற்பாடு இப்படித்தான் நிரந்தரமானது. சட்டம் வேண்டாம், சிலையும் வேண்டாம் என்ற இடத்தில் முடிவுவரை நிறுத்திவைக்கப்பட்ட புறவினத்தார் அங்கேயே குடியேறி, பெருகி, தாங்களே இஸ்ரவேல் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அப்படி வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் ஜஸ்டின். இன்றைய நாப்லுஸ் நகரில் பிறந்த புறவினத்தார். 160 வாக்கில் திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். எருசலேம் திரும்பக் கட்டப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆட்சி நடக்கும் என்று அவரும் நம்பினார். பழைய யூதக் கனவு, குடியிருப்பவர்கள் மட்டும் மாறியிருந்தார்கள். நாற்பத்தேழாம் அதிகாரத்தில் திரிபோ ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு யூதர் இயேசுவை மேசியா என்று ஏற்கிறார், கூடவே மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ள விரும்புகிறார். அவருக்கு மீட்பு உண்டா? உண்டு என்பது என் கருத்து, மற்றவர்களையும் அப்படிச் செய்யச்சொல்லி வற்புறுத்தாதவரை என்கிறார் ஜஸ்டின். திரிபோ விடவில்லை. உங்கள் கருத்து என்கிறீர்களே, அப்படியானால் இல்லை என்று சொல்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்று ஜஸ்டின் ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்ட யூதர்களோடு பேசவும் மாட்டார்கள், வீட்டுக்கு அழைத்து உபசரிக்கவும் மாட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை என்கிறார்.